மரியாதைக்காக எழுதாமல் விட்டது

லெசியெலியிடம் வாய்ச்சொல் செல்லாது. தீவு ஆஸ்பத்திரியின் ரிக்கார்டு ரூமுக்கு ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு உள்பக்கம் அவள், வெளிப்பக்கம் ஊர் முழுவதும். "சொன்னாங்க", "கேள்விப்பட்டேன்" என்று ஆரம்பிக்கிறவர்களை அவள் அடுத்த வார்த்தைக்கு விடமாட்டாள். "எழுதியிருக்கா? கையெழுத்து இருக்கா? இல்லேன்னா கிளம்பு." பாதிரியார் வந்து நின்றாலும் இதுதான். ஒருமுறை ஊர்ப் பெரியவர் ஒருவரின் மருமகன், பிறந்த தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுத் தரச் சொல்லி, அவித்த வள்ளிக்கிழங்கும் பன்றிக்கறியும் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தான். கறியை ருசித்துச் சாப்பிட்டாள். இலையைச் சுருட்டிப் போட்டுவிட்டு, தேதியை மாற்ற மாட்டேன் என்றாள். அவன் இன்றைக்கும் அவளைப் பார்த்தால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறான்.

டாக்டர்கள் தலைநகரத்திலிருந்து வருவார்கள், ஒரு வருஷம் கொசுக்கடி பட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நிலையாக இருந்தது இரண்டு பேர்தான்: வார்டில் ஃபுசி நர்ஸ், ரிக்கார்டு ரூமில் லெசியெலி. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் படித்தவர்கள். நோயாளி வீட்டுக்குப் போகும்போது ஃபுசி டிஸ்சார்ஜ் சீட்டு எழுதுவாள், டாக்டர் கையெழுத்துப் போடுவார், லெசியெலி அதைப் படித்து, நோயின் பெயருக்குரிய எண்ணைப் போட்டு, முத்திரை குத்துவாள். நோயின் பெயர் இல்லாமல் வந்த சீட்டை "காரணம் எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்புவாள். புது டாக்டர்கள் முதல் வாரம் சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் ஒழுங்காக எழுதுவார்கள்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கதை உண்டு. அவள் புருஷன் மாகா பழம் பறிக்கிற வேலைக்கு நியூசிலாந்து போனான். முதல் பருவம் முடிந்து வந்தான், இரண்டாவது பருவம் முடிந்து வரவில்லை. வேலை நீண்டுவிட்டது என்று கடிதம் போட்டான். அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துப் பிள்ளையும் பெற்றுவிட்டான் என்பது தீவில் எல்லோருக்கும் தெரியும். தேவாலயத்தில் அவள் பக்கத்தில் நின்று பாடிய பெண்களுக்குத் தெரியும். ஃபுசிக்குத் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. பாவம், மனசு நோகுமே என்று பார்த்தார்களாம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டைக் கழுவி, பாயெல்லாம் வெயிலில் போட்டு எடுத்து, கப்பல்துறையில் போய் நின்றாள் லெசியெலி. வேடிக்கை பார்த்தவர்கள் அன்பாகத்தான் பார்த்தார்கள். கடைசியில் விஷயத்தை உளறியவன் வெளியூர்க்காரன். அன்றோடு மனிதர்களின் இரக்கத்தின் மேல் அவளுக்கு நம்பிக்கை போயிற்று. தாளுக்கு இரக்கம் கிடையாது, அதனால் பொய்யும் கிடையாது என்று முடிவு கட்டிக்கொண்டு, ரிக்கார்டு ரூமில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அவளுக்கென்று மிச்சமிருந்தது தம்பி சதேகி. தலைநகரத்துக்கும் தீவுக்கும் போய்வரும் சரக்குக் கப்பலில் இஞ்சின் பார்க்கிறவன். அந்தத் தீவில் அக்கா தம்பி பாசம் என்பது தள்ளி நின்று காட்டுகிற பாசம். அக்கா உள்ளே வந்தால் தம்பி எழுந்து வெளியே போவான். அக்கா காதுபட உடம்பைப் பற்றியோ படுக்கையைப் பற்றியோ ஒரு வார்த்தை வராது. யாராவது விளையாட்டாக ஆரம்பித்தால் சபையே எழுந்து போய்விடும். சதேகி இதில் ஒரு குறையும் வைத்ததில்லை. கப்பல் வந்ததும் முதல் மீன் அவள் சமையல்கட்டு வாசலில் தொங்கும். தொங்கவிட்டவனை அவள் பார்த்திருக்க மாட்டாள். அவளும் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஆடினாள். கப்பல்காரர்களைப் பற்றி ஊர் ஆயிரம் சொல்லும், என் தம்பி அப்படி இல்லை என்பாள்.

ஒருமுறை அந்தத் தம்பி காய்ச்சலோடு வந்து வார்டில் படுத்தான். வீட்டுக்குப் போனபோது சீட்டு வந்தது. "மீன் விஷம். காய்ச்சல், தோலில் தடிப்பு." ஃபுசி கையெழுத்து, டாக்டர் கையெழுத்து. லெசியெலி எண்ணைப் போட்டாள், முத்திரை குத்தினாள். அந்த வாரமே சதேகியின் மனைவி தெமலேதி ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

"அண்ணி, ஒரு சந்தேகம். அவருக்கு உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் செவப்புச் செவப்பா இருந்துச்சு. மீன் ஒத்துக்கலன்னா உள்ளங்கையிலயா வரும்?"

"வராம? வெஷம் எங்க வேணா வரும்."

"இல்ல அண்ணி, கப்பல்ல போறவங்களப் பத்தி நாலு பேரு நாலு விதமா…"

லெசியெலிக்குச் சுருக்கென்றது. தம்பியைப் பற்றி அந்தப் பேச்சு அவள் காதில் விழவே கூடாது. ஃபைலை எடுத்து ஜன்னலில் விரித்து, விரலால் தட்டிக் காட்டினாள்.

"படிச்சுக்கோ. மீன் வெஷம். ஃபுசி கையெழுத்து, டாக்டர் கையெழுத்து, எம் முத்திரை. நாலு பேரு சொல்றத நம்புவியா, நான் சொல்றத நம்புவியா?"

தெமலேதி தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் முகம் தெளிந்தது. "நீங்க சொன்னா சரி அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனாள். விஷம் ஏறுவது சங்கரா மீனில்தான் என்று, அன்று முதல் இரண்டு வீட்டிலும் அதை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். யாராவது கொண்டுவந்து கொடுத்தால்கூட லெசியெலி அதை நாய்க்குப் போட்டாள்.

சில மாதத்தில் தெமலேதி உண்டானாள். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து. லெசியெலிக்குக் கால் தரையில் பாவவில்லை. குழந்தைக்குப் பெயர் வைக்கிறவள் அத்தை. பெற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு அத்தை வாயைப் பார்க்க வேண்டும். நல்லது கெட்டது எதிலும் அத்தைக்குத்தான் முதல் இடம். தனக்கென்று ஒரு பிள்ளை இல்லாதவளுக்கு அது எவ்வளவு பெரிய சொத்து! மரப்பட்டைத் துணியைத் தட்டிச் சாயம் போடும் பெண்களோடு சாயங்காலங்களில் போய் உட்கார்ந்தாள். பெண்ணானால் இன்ன பெயர் என்று தன் அம்மாவின் பெயரை மனதுக்குள் வைத்துக்கொண்டு, யார் கேட்டும் சொல்லாமல் அலைந்தாள்.

அந்த வருஷம்தான் தலைநகரத்துப் பெரிய அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து அவளுக்குக் கண்ணாடியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். தீவுகளிலேயே ஒழுங்கான ரிக்கார்டு இவளுடையதாம். அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது ஒரு காலிக் கட்டம்: மேகநோய் என்ற, படுக்கையில் தொற்றுகிற நோயின் வரிசையில் வருஷக்கணக்காகச் சுழி. பாதிரியாருக்குச் சொல்ல வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் தீவின் கற்பை மேடையேற்றிவிட்டார். சாயங்காலம் கூடிக் கவா வேர்ச்சாறு குடிக்கிற ஆண்களும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் எத்தனை பேர் உள்ளுக்குள் நெளிந்தார்களோ! கொஞ்ச நாளில் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் தீவில் அந்த நோய் இல்லாததால், கர்ப்பிணிகளுக்கு அதைப் பார்க்கிற சோதனைப் பட்டைகளை இனி தேவைப்படும் இடங்களுக்கு அனுப்புகிறோம், சம்மதமா என்று. சம்மதம் என்று எழுதி முத்திரை குத்தினாள் லெசியெலி. நியாயம்தானே, இல்லாத நோய்க்கு எதற்குச் சோதனை?

தெமலேதிக்குக் குழந்தை நாளாவதற்கு முன்னாலேயே பிறந்தது. பெண். பிறக்கும்போதே உயிர் இல்லை.

லெசியெலி தன் கையால் தட்டிய துணியில் குழந்தையைச் சுற்றினார்கள். மறுநாள் சாயங்காலம் அடக்கம் என்று முடிவாயிற்று. வீட்டில் உட்கார முடியாமல் அவள் ரிக்கார்டு ரூமுக்கு வந்து உட்கார்ந்தாள். மேஜையில் சீட்டு இருந்தது. "காரணம் தெரியவில்லை." அழுதுகொண்டேதான் சிவப்புப் பேனாவை எடுத்தாள். காரணம் எங்கே என்று எழுதி அனுப்பினாள். சீட்டு அப்படியே திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள். மறுபடி வந்தது. யாரோ முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு வார்டுக்கே போனாள். துணி வைக்கிற அறையில் ஃபுசி போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டேன். தெரியலன்னா என்னடி அர்த்தம்?"

"தெரியலன்னா தெரியலதான். இன்னிக்காவது விட்டுடேன்."

"எங்கண்ணப் பாத்துச் சொல்லு."

ஃபுசி மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"உந்தம்பி விஷயம்டி. உங்கிட்ட நான் எப்படிச் சொல்றது?"

"அவனுக்கென்ன? அவனுக்கு மீன் ஒத்துக்கல, அவ்வளவுதானே."

"மீனாவது மண்ணாவது" என்றாள் ஃபுசி. சொன்னபிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் விஷயம் வெளியே வந்துவிட்டது. சுவரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "மேகநோய். தலைநகரத்துல எங்கயோ வாங்கிட்டு வந்தான். ஊசி போட்டோம், அவனுக்குச் சரியாயிடுச்சு."

லெசியெலி கதவைச் சாத்தினாள்.

"நீ மீன் வெஷம்னு எழுதின."

"பின்ன என்ன எழுதச் சொல்ற? ஒவ்வொரு தாளையும் படிக்கிறவ நீ. கூடப்பொறந்தவனோட அந்த அசிங்கத்த எழுதி அக்கா கையிலயே குடுக்கவா? எந்த மொகத்தோட குடுப்பேன்? மரியாதைக்காகத்தான்டி. டாக்டர்கிட்டயும் சொன்னேன், அவருக்கும் அக்கா இருக்காங்க, புரிஞ்சுக்கிட்டாரு."

"மத்தவங்களுக்கு? அவங்களுக்காவது எழுதினியா?"

"மத்தவங்க யாரு? பெரியப்பா மகன், சித்தி மகன், அத்தை மகன்கூட நமக்கு அண்ணன் தம்பிதானே. இந்தத் தீவுல உனக்கு அண்ணன் தம்பி இல்லாத ஆம்பள யாருடி இருக்கான்?"

"யாருக்குமே எழுதினதில்லையா?"

"முன்னாடி அந்த ரூம்ல ஒரு கிழவரு இருந்தாரே, அவரு காலத்துல எழுதினோம்" என்றாள் ஃபுசி. "நீ வந்தப்புறம் நிறுத்திட்டோம்."

லெசியெலிக்கு அந்தக் காலிக் கட்டம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கேடயம், பிரசங்கம், சம்மதம் என்று அவள் எழுதிய பதில். மாங்கு மாங்கென்று சேர்த்து வைத்ததெல்லாம் ஊர் கூடிப் பூசி மெழுகிய பொய். பொய்யன் யார் என்று தேடினால் ஒருவன்கூட இல்லை. எல்லோரும் மரியாதை தெரிந்தவர்கள்.

"தெமலேதிக்கு யாரு சொன்னா?"

"அவளுக்கும் ஊசி போடணும்னு அவன்கிட்ட தலையில அடிச்சு சொன்னேன். தலைநகரத்துக்குக் கூட்டிட்டுப் போயி போட்டாச்சுன்னான்."

"சீட்டு காட்டினானா?"

"வாயால சொன்னான்" என்றாள் ஃபுசி. அழ ஆரம்பித்தாள். "உந்தம்பியாச்சே, பொய்யா சொல்லுவான்னு நம்பிட்டேன். அவ உண்டானப்ப சோதிச்சுப் பாத்துக்கலாம்னா பட்டையும் வரல. இப்ப ஒண்ணும் கெட்டுப் போகல. இதுக்கும் இதய நோவுப் பிள்ளைங்களுக்கு மாசாமாசம் போடற அதே ஊசிதான், கையில இருக்கு. சத்து ஊசின்னு சொல்லிப் போட்டுடறேன். அவளும் நிம்மதியா இருப்பா, உந்தம்பி மானமும் போகாது. காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சுடலாம்."

"மாகா விஷயத்தையும் இப்படித்தானேடி முடிச்சீங்க?"

ஃபுசி மடித்த போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டீங்க. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. உங்களுக்கு நான் என்னடி பண்ணினேன்?"

வார்டில் கடைசிக் கட்டிலில் தெமலேதி படுத்திருந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த சதேகி, அக்காவைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்து, தலையைக் குனிந்து வெளியே கிளம்பினான். அவன் போய்விட்டால் சொல்வது சுலபம். சொல்லாமலே விட்டால் இன்னும் சுலபம் என்று லெசியெலிக்கே ஒரு கணம் தோன்றியது. அவன் போகட்டும், நானும் போய்விடுகிறேன், ஃபுசி சத்து ஊசி போடட்டும். நான்கு நாள் அழுதால் எல்லாம் அடங்கிவிடும். பிறகு அடுத்த பிள்ளை வரும், அதற்கு அவளே பெயர் வைப்பாள்.

ஆனால் என்னவென்று தெரியாமல் ஏதோ ஒரு ஊசிக்குக் கையை நீட்டப்போகிறாள் இந்தப் பெண். கப்பல்துறையில் நின்றவளுக்கு அது பொறுக்கவில்லை.

"உக்காரு" என்றாள்.

சதேகிக்குக் காது கேட்டதா என்றே சந்தேகம். அக்கா அவனை நேராகப் பார்த்துப் பேசி எவ்வளவோ காலமாயிற்று.

"உக்காருடா. நீ இருக்கும்போதுதான் சொல்லப் போறேன்."

அவன் சுவரோரமாக மடிந்து உட்கார்ந்தான். பக்கத்துக் கட்டில் கிழவிக்கு என்ன வரப்போகிறது என்று புரிந்துவிட்டது. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். லெசியெலி தெமலேதியின் காலடியில் உட்கார்ந்து சொன்னாள். மீன் இல்லை என்றாள். நோயின் பெயரைச் சொன்னாள். அது யாரிடமிருந்து யாருக்கு எப்படி வந்தது என்பதைத் தம்பியின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். குழந்தை போனதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்றாள். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

சதேகி எழுந்தான். செருப்புக்கூடப் போடாமல் வெளியே நடந்தான். தெமலேதி அவன் போன திசையைப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது லெசியெலியை.

"நான் ஜன்னலுக்கு வந்தேனே அண்ணி."

"ஆமாம்மா."

"ஊரே சொல்லுச்சு. எனக்கே தோணுச்சு. அதையெல்லாம் விட்டுட்டு உங்கள நம்பினேன்."

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது."

"தெரியாம எதுக்கு முத்திரை குத்துனீங்க?"

இந்த மாதிரிக் கேள்வி கேட்டு லெசியெலி எத்தனையோ பேரை ஜன்னலில் திக்க வைத்திருக்கிறாள். இப்போது அவள் திக்கினாள். ஃபுசி ஊசித் தட்டோடு தயங்கித் தயங்கி வந்து நின்றாள். தெமலேதி கையை நீட்டி மருந்துக் குப்பியை வாங்கி, அதில் ஒட்டியிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு, "போடுங்க" என்றாள். ஊசி குத்தியபோது முகத்தைச் சுளிக்கவில்லை.

"பேரு…" என்று ஆரம்பித்தாள் லெசியெலி. அடக்கத்துக்கு முன் அத்தை பெயர் சொல்ல வேண்டும். இத்தனை மாதமாக மனதுக்குள் வைத்திருந்த அம்மாவின் பெயர் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"நீங்க வைக்க வேண்டாம்" என்றாள் தெமலேதி. "நானே வெச்சுட்டேன். லூபே."

தீவில் எந்தத் தாயும் இதுவரை எந்த அத்தையிடமும் அப்படிச் சொன்னதில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. போர்வைக்குள்ளிருந்து கிழவி ஐயோ என்றாள். லெசியெலி வாய் வரை வந்த பெயரை விழுங்கிக்கொண்டு எழுந்தாள்.

ரிக்கார்டு ரூமுக்குப் போய்ப் புதுச் சீட்டு எடுத்தாள். பெயர் என்ற இடத்தில் லூபே என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில் காரணத்தை எழுதினாள். ஃபுசியையும் டாக்டரையும் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட வைத்தாள். சதேகியின் பழைய சீட்டை எடுத்து, மீன் விஷத்தின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் அக்கா எழுதக் கூடாத வார்த்தையைத் தெளிவாக எழுதினாள். கேடயத்தைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் வைத்தாள். முத்திரையை மையில் தொட்டவள் குத்தாமல் கீழே வைத்தாள். இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி கடைசிக் கட்டிலுக்கு வந்தாள்.

"படிச்சுப் பாரு. நீ சரின்னு சொன்னாத்தான் குத்துவேன்."

தெமலேதி வாங்கினாள். ஒவ்வொரு வரியாக, விரல் வைத்துப் படித்தாள். மகளின் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு தாள்களை மடித்து லெசியெலியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அதுலயும் ரெண்டு கையெழுத்து இருந்துச்சு, இதுலயும் ரெண்டு கையெழுத்து இருக்கு. இது மட்டும் நெசம்னு நான் எப்படி அண்ணி நம்பறது?"

லெசியெலி முத்திரை குத்தாமல் தாள்களோடு ரிக்கார்டு ரூமுக்குத் திரும்பினாள்.